ஒரே படம், மூன்று நிறம்: எதை நம்புவது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில், தாம்பரத்துக்கு மேற்கே மணிமங்கலம் என்ற ஊர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற போர்க்களங்களுள் ஒன்று அது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயிலின் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. இராசாதிராசன், வீரராசேந்திரன் ஆகிய மன்னர்களின் கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். ஹூல்ட்ஷ் என்ற அறிஞர் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ மூன்றாம் தொகுதியின் முதற்பகுதியில் அவை 1899-ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டன.

அந்தக் காலத்தில் கல்வெட்டைப் படியெடுக்க ஓர் எளிய முறை இருந்தது. இன்றும் அது கையாளப்படுகிறது. ஈரமான தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் அமுங்கச் செய்வார்கள். பிறகு தாளின்மேல் மை ஒற்றுவார்கள். பள்ளத்தில் இருக்கும் தாளில் மை படாது. ஆகவே கறுப்புப் பரப்பில் எழுத்துகள் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இதற்கு மைப்படி என்று பெயர். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடே எழுத்தைப் படிக்க வைக்கிறது.

இன்று நம் கையில் கைபேசி இருக்கிறது. உங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தார் ஒரு கல்வெட்டைப் படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைபேசித் திரையில் எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிகிறது. அதே படத்தைப் பள்ளிக் கணினியில் திறந்தால் எல்லாம் ஒரே சாம்பலாய் மங்கிக் கிடக்கிறது. கடையில் கொடுத்து அச்சிட்டு வாங்கினால் கல் பச்சை கலந்த கறுப்பாக வருகிறது. படத்தை யாரும் மாற்றவில்லை. பிறகு ஏன் மூன்று தோற்றம்? இவற்றுள் எதை நம்புவது?

படம் என்பது எண்களின் வரிசை

கணினியில் படம் என்று ஒன்று உண்மையில் இல்லை. எண்கள்தாம் இருக்கின்றன. படம் சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். சாதாரணப் படங்களில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இந்த மூன்று எண்களையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 1,67,77,216 நிறங்களைக் குறிக்கலாம்.

இங்கேதான் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும். ‘சிவப்பு 200’ என்றால் எந்தச் சிவப்பில் 200? ஒரு நிறுவனத்தின் திரையில் உள்ள சிவப்பு வேறு. மற்றொரு நிறுவனத்தின் திரையில் உள்ள சிவப்பு வேறு. ஒன்று சற்று ஆரஞ்சுப் பக்கம் சாயும். மற்றொன்று ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். இரண்டு திரைகளும் ‘200’ என்ற கட்டளைக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தாலும், கண்ணுக்கு வந்து சேரும் ஒளி வேறுவேறாகத்தான் இருக்கும்.

எந்த மரக்காலால் அளந்தது?

இந்தச் சிக்கல் நம் முன்னோருக்குப் புதிதன்று. ‘பன்னிரண்டு மரக்கால் நெல்’ என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. எந்த மரக்காலால் அளந்தது என்றும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ‘ஆடவல்லான்’ என்று பெயரிட்ட மரக்கால் குறிப்பிடப்படுகிறது. அது ‘இராசகேசரி’ என்னும் அளவுக்குச் சமமானது என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. எண்ணோடு அளவையின் பெயர். அந்த அளவை வேறு எந்த அளவைக்குச் சமம் என்ற குறிப்பு. இந்த இரண்டும் இருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

நிறத்துக்கும் இதே ஏற்பாடுதான். முதலில், எந்தத் திரையையும் சாராத ஒரு பொது அளவை வேண்டும். 1920-களில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இரு அறிஞர்கள் தனித்தனியே சோதனைகள் செய்தார்கள். ஒரு நிற ஒளியைக் காட்டி, அதே தோற்றம் வரும்வரை சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலக்கும்படி சோதனைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். இரு சோதனைகளிலும் சேர்த்துப் பங்கு பெற்றவர்கள் 17 பேர்தாம். அந்த அளவீடுகளைக் கொண்டு பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931-இல் மனிதக் கண்ணுக்கு ஒரு பொதுவான அளவுமுறையை வகுத்தது. இன்றைய கைபேசித் திரைகளும் அந்த அடிப்படையில்தான் அளக்கப்படுகின்றன.

அடுத்து, நடைமுறைக்கு ஏற்ற சில ‘மரக்கால்கள்’ வந்தன. ஹியூலட்-பேக்கார்டு, மைக்ரோசாஃப்ட் ஆகிய நிறுவனங்கள் 1996-இல் முன்மொழிந்த ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்பது 1999-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இணையத்தில் உள்ள பெரும்பாலான படங்கள் இந்த அளவையில் உள்ளவை. ‘அடோபி ஆர்.ஜி.பி.’ என்ற சற்றுப் பெரிய அளவை 1998-இல் வந்தது. இன்றைய பல கைபேசிகள் ‘டிஸ்ப்ளே பி3’ என்ற மற்றொரு பெரிய அளவையைக் கையாளுகின்றன. பெரிய அளவை என்றால், அதன் 255 இன்னும் செறிவான நிறத்தைக் குறிக்கும் என்று பொருள்.

படக் கோப்புக்குள் அளவையின் பெயரையும் விவரத்தையும் எழுதி வைக்கும் சிறு குறிப்புக்குப் ‘புரொஃபைல்’ என்று பெயர். அதை எழுதும் முறையை வகுக்க 1993-இல் எட்டு நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. படத்துக்கு ஒரு புரொஃபைல், திரைக்கு ஒரு புரொஃபைல், அச்சு இயந்திரத்துக்கு ஒரு புரொஃபைல். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணக்குப் போட்டு மாற்றுவதைத்தான் நிற மேலாண்மை என்கிறோம்.

இப்போது நம் கல்வெட்டுப் படத்துக்கு வருவோம். கைபேசி அதைப் பெரிய அளவையில் எழுதியிருக்கிறது. பள்ளிக் கணினியில் உள்ள பழைய மென்பொருள் புரொஃபைலைப் படிக்காமல், எண்களை அப்படியே சிறிய அளவையின் திரைக்கு அனுப்பிவிடுகிறது. பெரிய மரக்கால் கணக்கைச் சிறிய மரக்காலால் அளந்து கொடுத்ததுபோல, நிறங்கள் வெளிறிப் போகின்றன. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சிறிய அளவையில் எழுதிய படத்தை அகன்ற நிறத் திரையில் அப்படியே காட்டினால், முகங்கள் சிவந்தும் புல் கண்ணைப் பறிக்கும் பச்சையாகவும் தோன்றும்.

தொழிற்சாலையிலும் இதே கேள்வி

நிறத்தை எண்ணால் அளப்பது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் வேலையன்று. மணிமங்கலத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இன்று கார்த் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் கார்களைச் செய்து வருகிறது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. காரின் உடற்பகுதி எஃகு. முன்னும் பின்னும் உள்ள பம்பர் பிளாஸ்டிக். இரண்டும் வேறு பொருள் என்பதால் வண்ணம் பூசி உலர்த்தும் முறையும் வேறு. ஆனால் சாலையில் நிற்கும் காரில் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும்.

‘எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது’ என்று ஒருவர் சொல்வதை வைத்துக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. கார்த் தொழிலில் பூச்சின் மீது ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியை அலைநீளவாரியாக அளக்கும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு நிறங்களுக்கிடையே உள்ள தூரத்தை அக்கருவி ஓர் எண்ணாகச் சொல்லும். இதற்குரிய அளவுமுறையை 1976-இல் அதே பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்தது. அந்த எண் ஒன்று, இரண்டு என்ற அளவில் இருந்தால் பழகிய கண்ணே அருகில் வைத்துப் பார்த்துத்தான் வேற்றுமையைக் கண்டுபிடிக்கும்.

பாதி எண், பாதி ஒளியா?

நிறத்தைப் பார்த்தோம். கான்ட்ராஸ்ட் என்று சொல்லும் ஒளி-நிழல் வேறுபாடு ஏன் மாறுகிறது? 255-இல் ஏறக்குறையப் பாதி 128. அப்படியானால் 128 என்ற எண் வெள்ளையின் பாதி ஒளியைத் தரும் என்றுதான் நினைப்போம். அதுதான் இல்லை. எஸ்.ஆர்.ஜி.பி. அளவையில் 128 தருவது வெள்ளையின் 22 சதவீத ஒளியைத்தான்.

இது ஏன் என்று அறிய இருட்டறையில் ஓர் அகல்விளக்கை ஏற்றுங்கள். இரண்டாவது விளக்கை ஏற்றினால் வெளிச்சம் கூடியது நன்றாகத் தெரியும். பத்து விளக்குகள் எரியும்போது பதினோராவதை ஏற்றினால் அவ்வளவாகத் தெரியாது. நம் கண் இருட்டில் சிறு மாறுதலையும் உணரும், வெளிச்சத்தில் உணராது. ஆகவே இருண்ட பகுதிகளுக்கு நிறைய எண்களையும், வெளிச்சப் பகுதிகளுக்குக் குறைந்த எண்களையும் ஒதுக்குவதே சிக்கனம். எண்ணை 255-ஆல் வகுத்து, வரும் விடையை ஏறக்குறைய 2.2 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் ஒளியின் அளவு கிடைக்கும். இந்த அடுக்குக்கு ‘காமா’ என்று பெயர்.

எல்லாரும் ஒரே காமாவைக் கையாண்டால் தொல்லை இல்லை. ஆனால் ஆப்பிள் நிறுவனத்தின் மாக் கணினிகள் 2009 வரை 1.8 என்ற காமாவையே இயல்பாகக் கொண்டிருந்தன. அந்தக் கணக்கில் 128 என்பது 29 சதவீத ஒளி. அங்கே சரியாகத் தெரிந்த படம் மற்றக் கணினிகளில் இருண்டு தெரிந்ததற்கு இதுவே காரணம். இப்போது மாக் கணினிகளும் 2.2-க்கு மாறிவிட்டன. என்றாலும் திரையின் அமைப்பை யாராவது மாற்றி வைத்தால் பழைய கோளாறு திரும்பி வரும்.

ஜன்னலும் ஒரு காரணம்

திரை இருக்கும் அறையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்வெட்டு எழுத்தின் பள்ளத்தில் எண் 40, அதன் ஓரத்தில் 60 என்று வைத்துக்கொள்வோம். காமா 2.2 என்றால், திரையின் வெள்ளையை 100 எனக் கொண்டு, இவை முறையே 1.7, 4.1 அளவு ஒளி தரும். ஓரம் பள்ளத்தைவிட 2.4 மடங்கு ஒளியுடையது. எழுத்து தெளிவாகத் தெரியும்.

ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்புகிறது. அதன் அளவு 5 என்று கொள்வோம். இந்த 5 இரண்டோடும் கூடும். இப்போது 6.7, 9.1. விகிதம் 1.4 ஆகக் குறைந்துவிட்டது. எண்கள் மாறவில்லை, கோப்பு மாறவில்லை, ஆனால் எழுத்து மங்கிவிட்டது. இந்த நிலையில் மென்பொருளில் கான்ட்ராஸ்டைக் கூட்டுவது தவறான மருந்து. திரைச்சீலையை இழுத்துவிடுவதே சரியான மருந்து.

தாளில் ஏன் நிறம் மாறுகிறது?

திரை ஒளியைக் கூட்டி நிறம் தருகிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சிவகாசி அச்சகங்களில் அச்சாகும் நாட்காட்டியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளின் நுண்புள்ளிகள் தெரியும். அச்சில் காணும் நிறமெல்லாம் பெரும்பாலும் இந்த நான்கின் கலவையே.

திரை காட்டக்கூடிய மிகப் பளிச்சென்ற பச்சையையும் நீலத்தையும் இந்த மைகளால் காட்ட முடியாது. அவ்வாறு எட்டாத நிறங்களை எட்டக்கூடிய நிறங்களாக மாற்றித்தான் அச்சிட வேண்டும். மேலும் ஒரே மை, வழவழப்பான தாளில் ஒரு விதமாகவும் செய்தித்தாளில் வேறு விதமாகவும் தெரியும். ஆகவே மைக்கும் தாளுக்கும் சேர்த்தே புரொஃபைல் தேவை. அது இல்லாமல் அச்சிட்டால், சாம்பல் நிறக் கல்லில் பச்சையோ சிவப்போ ஏறிவிடுவதில் வியப்பில்லை. சாம்பல் நிறத்தில்தான் மைகளின் சமநிலை சற்றுப் பிசகினாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

கோளாறு எங்கே? கண்டறியும் முறை

மருத்துவர் ஒரே நேரத்தில் பத்து மருந்து கொடுப்பதில்லை. நாமும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, ஒரே கணினியில், ஒரே திரையில், இரண்டு மென்பொருள்களில் படத்தைத் திறவுங்கள். தோற்றம் வேறுபட்டால் குற்றவாளி திரையன்று. இரண்டில் ஒன்று புரொஃபைலைப் படிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இரண்டாவதாக, இரண்டு திரைகளில் மட்டும் வேறுபட்டால் திரையின் அமைப்புகளைப் பாருங்கள். இரவு நேர மஞ்சள் ஒளி, ‘விவிட்’ என்னும் பளிச்சிடும் நிலை, தானே கூடிக் குறையும் வெளிச்சம் ஆகியவற்றை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். திரையின் வெள்ளை 6500 கெல்வின் என்ற பகலொளி அளவில் இருப்பது பொதுவான வழக்கம்.

மூன்றாவதாக, எண்ணைப் படியுங்கள். ‘ஜிம்ப்’ என்பது இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதில் படத்தின் ஓரிடத்தைத் தொட்டால் அங்குள்ள எண்களைச் சொல்லும் கருவி இருக்கிறது. அந்தக் கருவியால் இரண்டு கணினிகளிலும் ஒரே இடத்தைத் தொட்டுப் பாருங்கள். எண்கள் ஒன்றே என்றால் படம் பழுதாகவில்லை. காட்டும் முறைதான் வேறு. எண்களே வேறு என்றால் வழியில் யாரோ, அல்லது ஏதோ ஒரு செயலி, படத்தை மாற்றியிருக்கிறது. செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கி அனுப்புவது வழக்கம். ஆகவே படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புவது நல்லது.

நான்காவதாக, புரொஃபைலைப் பாருங்கள். ஜிம்ப்பில் ‘இமேஜ்’ பட்டியலின்கீழ் ‘கலர் மேனேஜ்மென்ட்’ என்ற பகுதி உண்டு. அங்கே ‘அசைன்’, ‘கன்வெர்ட்’ என இரண்டு கட்டளைகள். பலரும் தடுமாறும் இடம் இதுதான். எட்டுப் படி கொண்ட பெரிய மரக்காலால் அளந்த 12 மரக்கால் நெல் இருக்கிறது. அதாவது 96 படி. இதை ஆறு படி கொண்ட சிறிய மரக்கால் கணக்குக்கு மாற்றினால் 16 மரக்கால் ஆகும். எண் மாறியது; நெல் மாறவில்லை. இதுதான் கன்வெர்ட். எண்ணை 12 என்றே வைத்துக்கொண்டு, ‘இது சிறிய மரக்கால்’ என்று சீட்டை மட்டும் மாற்றி ஒட்டினால், கணக்கில் 72 படிதான் இருக்கும். எண் மாறவில்லை, 24 படி நெல் மறைந்துவிட்டது. இதுதான் அசைன். சீட்டு காணாமற்போன படத்துக்கு, அதன் சரியான அளவை எது என்று தெரிந்தால் மட்டும் அசைன் செய்யலாம். மற்றபடி வேண்டியது கன்வெர்ட்.

திருத்தலாம், ஆனால் அழிக்கக் கூடாது

கான்ட்ராஸ்டைக் கூட்டுவது குற்றமில்லை. மைப்படியும் அதைத்தானே செய்கிறது! ஆனால் ஓர் எச்சரிக்கை. 50-க்குக் கீழ்ப்பட்ட எண்களெல்லாம் 0 ஆகும்படி கூட்டிவிட்டால், 30-ம் 40-ம் ஒன்றாகிவிடும். அவற்றுக்கிடையே இருந்த மெல்லிய கோடு போய்விடும். அந்தக் கோப்பைச் சேமித்துவிட்ட பிறகு எவ்வளவு குறைத்தாலும் அது திரும்பி வராது. எதிர்ப்புறமும் ஆபத்து உண்டு. கல்லில் உள்ள வெறும் கீறலோ பாசியோ கறுத்துப் பெரிதாகி, இல்லாத எழுத்தை இருப்பதுபோல் காட்டலாம். ஓர் எழுத்து மாறினால் ஊர்ப் பெயர் மாறலாம், ஆட்சியாண்டு மாறலாம்.

ஆகவே கைபேசி தந்த மூலப் படத்தைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் திருத்துங்கள். என்ன திருத்தம் செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். படம் எடுக்கும்போதே எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து எடுங்கள். வேறு எந்த வேறுபாடு வந்தாலும், ‘இந்த அட்டை சாம்பலாகத் தெரிய வேண்டும்’ என்ற ஒரு நிலையான சான்று படத்துக்குள்ளேயே இருக்கும்.

செய்து பாருங்கள்

ஒரே சாம்பல் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றொன்றை வெள்ளைத் தாளின் நடுவிலும் ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கறுப்பின் நடுவில் உள்ளது வெளிறியும், வெள்ளையின் நடுவில் உள்ளது கறுத்தும் தெரியும். இப்போது இரண்டையும் படம் எடுத்து, ஜிம்ப்பில் இரு சதுரங்களின் எண்களையும் படியுங்கள். நிழல் விழாமல் எடுத்திருந்தால் எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

அதே படத்தை உங்களுக்குக் கிடைக்கும் மூன்று திரைகளில் பார்த்து, ஒவ்வொன்றிலும் தோற்றம், எண், திரையின் அமைப்பு, அறையின் வெளிச்சம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுங்கள். எந்த வரிசையில் எண் மாறியது, எந்த வரிசையில் தோற்றம் மட்டும் மாறியது என்று பிரித்துப் பார்த்தால், கோளாறு கோப்பிலா, மென்பொருளிலா, திரையிலா, அறையிலா அல்லது உங்கள் கண்ணிலேயா என்பதை அந்த அட்டவணையே சொல்லிவிடும்.